‘உங்கள் கேஸ் மூடப்பட்டது’ என்று கவுன்சில் எழுதினால்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கரைச்சலைப் பற்றியவை. பக்கத்து வீட்டுச் சத்தம், வாசலில் கூடிநின்று செய்கிற அட்டகாசம், இரண்டையும் சொல்லியும் அசையாத கவுன்சில். அதனால் விசா, பென்ஷன் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் முதலில் வருவது வாசகரின் கடிதம், அதன் கீழே என் பதில். கீழே சொல்வது இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

அக்கா, கிழக்கு லண்டனில் ஒரு டெரஸ் வீட்டில் 14 வருடமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டை வாங்கியவர் அதை அறை அறையாக வாடகைக்கு விட்டுவிட்டார். ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடுச்சாமம் தாண்டியும் பாட்டு, பின்வளவில் ஆட்கள், சண்டை. மகளுக்கு இந்த வருடம் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை. கணவர் பஸ் ஓட்டுகிறவர், விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேண்டும். கவுன்சிலுக்கு ஒன்பது தடவை அறிவித்தேன். ஒரே ஒரு தடவை ஆள் வந்தார், அந்த நேரம் சத்தம் நின்றுவிட்டது. போன கிழமை ‘போதிய ஆதாரம் இல்லை, கேஸ் மூடப்பட்டது’ என்று மெயில் வந்திருக்கிறது. வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா என்று இருக்கிறது.

தங்கச்சி, வீட்டை விற்கிற யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விற்கும்போது சொலிசிற்றர் நிரப்பச் சொல்லித் தருகிற படிவத்தில், அயலாருடன் தகராறோ முறைப்பாடோ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதில் இல்லையென்று எழுதிவிட்டால் வாங்கியவர் பிறகு உங்கள் மேல் வழக்குப் போடலாம். ஆகவே விற்றாலும் இந்தக் கரைச்சல் பின்னாலேயே வரும்.

‘போதிய ஆதாரம் இல்லை’ என்ற அந்த வரியை நானும் வாங்கியிருக்கிறேன். 2007ஆம் ஆண்டு. நாங்கள் ஒரு பிளாட்டில் மூன்றாம் மாடியில் இருந்தோம். கீழ் வீட்டில் இரவு ஒரு மணிக்கு பேஸ், பாட்டின் அந்த அடித்தொனி இடி, தொடங்கும். என்ன பாட்டு என்று காதுக்கு விளங்காது. குசினித் தட்டில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கிறது மட்டும் கேட்கும். எழும்பிப் போய் அவற்றுக்குக் கீழே ஒரு துவாயை விரித்துவிட்டு வந்து படுப்பேன். அப்போதும் நெஞ்சுக்குள் இடிக்கும். சின்ன மகள் ‘அம்மா, சுவர் மூச்சு விடுகிறது’ என்று சொல்லியிருக்கிறாள்.

கேஸை மூடிய பிறகு, என்னைப் பற்றி கவுன்சில் வைத்திருந்த கோப்பைக் கேட்டு எழுதினேன். அந்த நாளில் அதற்கு 10 பவுண் கட்ட வேண்டும். 2018இலிருந்து இலவசம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கோப்பு வந்தது. நான் பதினொரு தடவை அழைத்ததில் நாலு தடவைதான் பதிவாகியிருந்தது. ஒரு குறிப்பில் ‘1.50க்குத் திருப்பி அழைத்தோம், பதில் இல்லை’ என்று இருந்தது. அந்த இரவு போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இரண்டரை மணி வரை இருந்தேன். யாரும் அழைக்கவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை செய்யத் தெரிந்தது. நாங்கள் படுகிற பாடு எதுவும் கவுன்சிலின் கண்ணுக்குத் தெரியாது. பதிவில் இருப்பது மட்டும்தான் தெரியும். அந்தப் பதிவை நிரப்புவது எங்கள் கையில் இருக்கிறது.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, தன் எல்லைக்குள் வசிக்கும் ஒருவர் இப்படி முறையிட்டால் அதை விசாரிக்கத் தன்னால் இயன்ற நியாயமான நடவடிக்கையை எடுப்பது கவுன்சிலின் கடமை. அவர்கள் மனம் வைத்தால் செய்கிற உதவி அல்ல. விசாரித்து, அது ஸ்டாச்சுட்டரி நியூசன்ஸ், அதாவது சட்டம் தடுக்கிற தொல்லை, என்று அதிகாரிக்குத் திருப்திப்பட்டால் அதை நிறுத்தச் சொல்லும் அபேட்மென்ட் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். சத்தம் சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் முதலில் பேசிப் பார்க்க ஏழு நாள் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நோட்டீஸை மீறினால் நீதிமன்றம், அபராதம். ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு போகவும் அதிகாரம் உண்டு.

இரவு 11 மணிக்கு முன் எவ்வளவு சத்தமும் போடலாம் என்று நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பிழை. 11 மணியிலிருந்து 7 மணி வரை என்ற கணக்கு 1996ஆம் ஆண்டுச் சத்தச் சட்டத்தில் வருவது. அதில் டெசிபல் அளவும் உடனடி அபராதமும் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நேரமும் இல்லை, டெசிபலும் இல்லை. பின்னேரம் மூன்று மணிக்குப் போட்டாலும் நியூசன்ஸ் நியூசன்ஸ்தான். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்த இடம், எப்படியான சத்தம் என்று எல்லாவற்றையும் சேர்த்து அதிகாரி தீர்மானிப்பார்.

இங்கே ஒரு இடத்தில் கவனம். அவர் தீர்மானிப்பது ஒரு சாதாரண மனிதருக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதை வைத்து. நோயாளி, இரவு வேலை செய்கிறவர், விடிய எழும்புகிறவர் என்ற தனிப்பட்ட காரணங்களைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் மெயிலின் பிரதியை வாசித்தேன். முதல் வரியே கணவரின் நாலு மணி வேலையைப் பற்றியது. அதை வாசித்தவுடன் ‘இது அவர்களுடைய தனிப்பட்ட நிலைமை’ என்று எழுதிவிட்டுப் போக அவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. முதல் வரியில் வர வேண்டியது, ஜன்னல் பூட்டியிருக்க, கட்டிலில் படுத்திருக்கும் யாருக்கும் இரவு ஒரு மணிக்கு இந்தச் சத்தம் கேட்கிறது என்பது. கணவரின் வேலையும் மகளின் பரீட்சையும் அதற்குக் கீழே வரட்டும். அவை உண்மை, எழுத வேண்டியவைதான்.

ஒரு கொப்பி வாங்குங்கள். ‘ராத்திரி முழுக்க ஒரே சத்தம், தாங்க முடியவில்லை’ என்று நீங்கள் அனுப்பியதை வைத்து எந்த அதிகாரியும் நீதிமன்றம் போக முடியாது. இப்படி எழுதுங்கள்: ‘வெள்ளி, இரவு 11.40 முதல் 2.15 வரை. பாட்டு, பேஸ். முன் அறையிலும் மேல் மாடியில் மகளின் அறையிலும் கேட்டது. ஜன்னல்கள் பூட்டியிருந்தன. 12.05க்கு கவுன்சிலுக்கு அழைத்தேன், இலக்கம் தந்தார்கள். 12.30க்கு மகள் எங்கள் அறைக்கு வந்து படுத்தாள்.’ சத்தம் இல்லாத நாளையும் ‘இன்று இல்லை’ என்று எழுதுங்கள். கொப்பியை நம்ப வைப்பதே அந்த நாட்கள்தான். எல்லா நாளும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியதுபோல இருக்கக்கூடாது. அன்றன்று எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, பிறகு மொழிபெயர்க்கலாம்.

ஆள் வரும்போது சத்தம் நின்றுவிடுகிறது என்பது பழைய பிரச்சினை. அதற்குத்தான் கவுன்சிலிடம் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள், சத்தம் வரும்போது நீங்கள் பொத்தானை அழுத்தினால் போதும். சில கவுன்சில்கள் போனில் பதிவுசெய்து அனுப்புகிற ஆப்பைப் பாவிக்கின்றன. ‘உங்கள் இரவுச் சேவை எந்த நாட்களில் இருக்கிறது, கருவி எப்போது வைப்பீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். கருவி வைக்காமலேயே ஆதாரம் இல்லை என்று மூடியிருந்தால், அது கவுன்சிலின் பிழையாக இருக்கலாம். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதைச் சொல்கிற வழி வேறு என்பது பலருக்கும் தெரிவதில்லை. நீங்கள் ஒன்பது தடவை செய்தது பக்கத்து வீட்டைப் பற்றிய முறைப்பாடு. கவுன்சில் கணக்கில் அது ஒரு சேவைக் கோரிக்கை மட்டுமே. கவுன்சிலின் நடத்தையைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு தடவைகூட முறையிடவில்லை. பத்தாவது தடவையும் பாட்டுச் சத்தத்தைப் பற்றியே எழுதினால் பத்தாவது சேவைக் கோரிக்கையாகத்தான் போகும். கவுன்சில் இணையத்தளத்தில் முறைப்பாட்டுப் பகுதிக்குப் போய், ‘இது ஃபோர்மல் கொம்ப்ளெயின்ட், ஸ்டேஜ் வன்’ (முறையான முறைப்பாடு, முதல் கட்டம்) என்று முதல் வரியில் எழுதுங்கள். பக்கத்து வீட்டாரைத் திட்டி ஒரு சொல்லும் வேண்டாம். எந்தத் திகதியில் அறிவித்தீர்கள், யார் என்ன சொன்னார், எது நடக்கவில்லை, இனி என்ன செய்ய வேண்டும். கேஸைத் திரும்பத் திறப்பது, கருவி வைப்பது, ஒரு அதிகாரியின் பெயரைத் தருவது, இந்த மூன்றையும் கேளுங்கள். பொதுவாக 10 வேலை நாட்களில் பதில் வர வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் ஸ்டேஜ் டூ, அதற்கு 20 வேலை நாட்கள்.

பக்கத்து வீட்டுச் சொந்தக்காரரையும் விட்டுவிடாதீர்கள். ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து வசித்தால் அந்த வீட்டுக்கு எச்.எம்.ஓ. லைசன்ஸ், அதாவது பலர் பகிர்ந்து வசிக்கும் வீட்டுக்கான அனுமதி, கட்டாயம். கவுன்சில் வைத்திருக்கிற அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். லைசன்ஸ் இல்லையென்றால் அது குற்றம். இருந்தால், குடியிருப்பவர்களின் அட்டகாசத்தைத் தடுக்கச் சொந்தக்காரர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. சத்தப் பகுதி தூங்கினாலும் லைசன்ஸ் பகுதி சில நேரம் எழும்பும். இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

கடைசி வழியாக, அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 82ஆம் பிரிவின் கீழ் நீங்களே மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். மூன்று நாள் முன்னதாகச் சத்தம் போடுகிறவர்களுக்கு எழுத்தில் அறிவித்தால் போதும். வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் தோற்றால் செலவு உங்கள் தலையில் விழக்கூடும், ஆகவே கொப்பி நிறைந்த பிறகு யோசியுங்கள்.

என் கேஸ் ஸ்டேஜ் டூவில்தான் திரும்பத் திறந்தது. கருவி வைத்த இரண்டாவது இரவே பேஸ் பதிவாகிவிட்டது.

வணக்கம். எனக்கு 71 வயது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. இருட்டினதும் பொடியன்கள் கூடுகிறார்கள். காலையில் பார்த்தால் வெள்ளி நிறச் சின்னச் சிலிண்டர்களும் பலூன்களும் கிடக்கும். ஒருமுறை என் வேலிப் பலகையை உடைத்தார்கள். பொலிஸுக்கு அழைத்தால் கவுன்சிலிடம் சொல் என்கிறார்கள், கவுன்சிலைக் கேட்டால் பொலிஸின் 101க்கு அழை என்கிறார்கள். மகன் ‘பேசாமல் இருங்கள் அப்பா’ என்கிறான்.

ஐயா, மகன் பயத்தில் சொல்கிறார், அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் உங்கள் சொந்த வேலிக்குப் பின்னால் நீங்கள் பயந்து இருக்க வேண்டியதில்லை.

அந்தச் சிலிண்டர்களில் இருப்பது நைட்ரஸ் ஒக்சைட், சிரிப்பு வாயு. 2023 நவம்பரிலிருந்து அதைப் போதைக்காக வைத்திருப்பதே குற்றம், சி வகுப்புப் போதைப்பொருள். ஆகவே ‘பொடியன்கள் கூடுகிறார்கள்’ என்று சொல்லாமல், என்ன கிடக்கிறது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வேலி உடைத்தது தனிக் குற்றம், அதற்குப் பொலிஸ் இலக்கம் ஒன்று கேட்டு வாங்குங்கள். யாராவது மிரட்டினாலோ உள்ளே வர முயன்றாலோ 999தான், யோசிக்க வேண்டாம். உங்கள் நிறத்தையோ சமயத்தையோ சொல்லித் திட்டினால் அந்தச் சொற்களையும் அப்படியே அறிவியுங்கள். வெறுப்புக் குற்றம் என்று தனியாகப் பதிவார்கள்.

இவர் அங்கே, அவர் இங்கே என்று பந்து விளையாடுவதற்கு மருந்து ஒன்று 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு கம்யூனிட்டி ட்ரிகர் என்றார்கள், இப்போது ஏ.எஸ்.பி. (சமூக விரோத நடத்தை) கேஸ் ரிவியூ என்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை அறிவித்திருந்தால் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றுக்கு மேல் வேண்டும் என்று எந்தக் கவுன்சிலும் விதி போட முடியாது. ஒவ்வொரு சம்பவத்தையும் நடந்து ஒரு மாதத்துக்குள் அறிவித்திருக்க வேண்டும். கேட்டவுடன் கவுன்சில், பொலிஸ், சுகாதாரப் பகுதி, வீட்டு அமைப்புகள் எல்லோரும் சேர்ந்து இதுவரை யார் என்ன செய்தார்கள் என்று பார்த்து, முடிவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பொலிஸிடம் சொன்னதும் கவுன்சிலிடம் சொன்னதும் இந்த மூன்றில் சேரும். உங்களுக்காக வேறொருவர் விண்ணப்பிக்கலாம், மகனே செய்யலாம்.

ஒழுங்கையில் உங்களைப்போல எத்தனை வீடு இருக்கிறது? வீட்டுக்கு வீடு போய்க் கதையுங்கள். ஒரு பின்னேரம் நான் ஒரு வயதான அம்மாவுடன் இப்படி ஒரு தெருவில் நடந்தேன். ஐந்தாவது கதவைத் திறந்த போலந்துக்காரப் பெண் தன் போனில் இருந்த படங்களைக் காட்டத் தொடங்கினார், நாங்கள் நிற்கவே இடமில்லாமல் அவருடைய வாசலில் மூன்று பேர் கூடிவிட்டோம். எல்லோரும் தனித்தனியாக அழைத்துக் களைத்துப் போயிருந்தார்கள்.

உங்கள் வார்ட் கவுன்சிலருக்கும் ஒரு மெயில் போடுங்கள். அவர் அனுப்பும் கேள்விக்கு அதிகாரிகள் பதில் எழுதியாக வேண்டியிருக்கும். ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். 22 வருடம் அந்த வேலை செய்தவள் சொல்கிறேன்: கேட்காதவருக்கு யாரும் தேடிக்கொண்டு வந்து தர மாட்டார்கள்.

கவுன்சில் பிளாட்டில் இருக்கிறோம். மேல் வீட்டுப் பிள்ளைகள் விடிய ஆறு மணிக்கே ஓடத் தொடங்கும். கார்ப்பெட்டை எடுத்துவிட்டு லமினேட் தரை போட்டிருக்கிறார்கள். கதிரை இழுக்கிற சத்தம் தலைக்குள் கேட்கும். கவுன்சில் ‘இது அன்றாடச் சத்தம்’ என்று கைவிட்டுவிட்டது.

இதில் மட்டும் கவுன்சில் சொன்னது சட்டப்படி பாதி சரி. 1999இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, இரண்டு லண்டன் கவுன்சில்களின் குடியிருப்பாளர்கள் கொண்டுவந்த வழக்குகளில், சாதாரணமாக ஒரு வீட்டில் வாழ்வதால் வரும் சத்தம் நியூசன்ஸ் ஆகாது என்று தீர்ப்பளித்தது. சுவரும் தளமும் மெல்லியவை என்பது குடியிருந்தவர்களுக்கு அங்கே உதவவில்லை. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் மனதுக்கு ஒத்துவரவில்லை, ஆனால் அதுதான் சட்டம்.

மீதிப் பாதியைக் கேளுங்கள். பல குத்தகை, வாடகை ஒப்பந்தங்களில் அனுமதி இல்லாமல் கடினத் தரை போடக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். மேல் வீடு அனுமதி எடுத்ததா என்று கவுன்சிலின் வீட்டுப் பகுதியை எழுத்தில் கேளுங்கள். இங்கே கவுன்சில்தான் உங்கள் வீட்டுச் சொந்தக்காரர். ஆகவே பிறகு மேல்முறையீடு போவது ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளைச் சுதந்திரமாக விசாரிப்பவர்), கடைசிக் கேள்வியில் சொல்லும் ஒம்புட்ஸ்மனிடம் அல்ல. அதற்கு முன் ஒருநாள் மேலே போய்க் கதையுங்கள். பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கதிரைக் கால்களுக்கு ஒட்டுகிற ஃபெல்ட் துண்டுகள் கடையில் கிடைக்கும். வாங்கிக்கொண்டே போனாலும் தப்பில்லை.

அக்கா, எங்கள் கதை மறுபக்கம். மகன் தவில் பழகுகிறான். இரண்டு மாதத்துக்கு முன் மகளின் சாமத்தியச் சடங்கை வீட்டில்தான் செய்தோம், நாதஸ்வரமும் வந்தது. இப்போது கவுன்சிலிலிருந்து ‘உங்கள் வீட்டுச் சத்தம் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது’ என்று கடிதம். எங்களைத் தண்டிப்பார்களா? இது இனவாதம் இல்லையா?

அந்தக் கடிதம் தீர்ப்பு அல்ல. முறைப்பாடு வந்தால் முதலில் எல்லோருக்கும் அனுப்புகிற அறிவித்தல். பயப்பட வேண்டாம், ஆனால் பதில் எழுதாமலும் இருக்க வேண்டாம்.

இனவாதம் இருக்கிற இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தச் சொல்லைக் கவனமாகவே பாவிக்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு அது தெரியவில்லை. தவிலும் நாதஸ்வரமும் கோயில் வீதிக்காக உண்டானவை. நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்றே செய்த வாத்தியங்கள். உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். மேலே முதல் கேள்வி கேட்ட தாயை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உங்கள் பக்கத்து வீட்டிலும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம்.

சடங்கு ஒருநாள் விஷயம். ஒருநாள் கொண்டாட்டத்தை வைத்து நியூசன்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் நடக்காது. தவில் கிழமைக்குக் கிழமை நடப்பது, அதைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று நீங்களே வரையறுத்து, பொதுச் சுவர் இல்லாத அறைக்கு மாற்றி, அதைக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் நேரில் சொல்லுங்கள். சில கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் வார இறுதியில் மண்டபம் தருகின்றன, விசாரித்துப் பாருங்கள். பிள்ளை தவில் பழகுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்த ஊரில் பிறந்த ஒரு பிள்ளை தவிலைத் தோளில் போட ஆசைப்படுவது எவ்வளவு பெரிய விஷயம்.

எதிர் வீட்டில் எக்ஸ்டென்ஷன் கட்டுகிறார்கள். ஞாயிறு காலையிலும் டிரில். கேட்க முடியுமா?

முடியும். பெரும்பாலான கவுன்சில்கள் அனுமதிக்கிற நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை 8 முதல் 6, சனி 8 முதல் 1. ஞாயிறும் அரச விடுமுறையும் இல்லை. 1974ஆம் ஆண்டின் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம். கவுன்சில் என்வைரன்மெண்டல் ஹெல்த் பகுதிக்கு எழுதுங்கள். பிளானிங் பகுதிக்கு எழுதினால் அங்கேயே சுற்றிக்கொண்டு இருக்கும்.

பக்கத்து வீட்டுச் சத்தத்தில் கவுன்சில் நடந்துகொண்ட விதம் பற்றி முறையிட்டேன், ஸ்டேஜ் டூ பதிலும் வந்துவிட்டது. ‘நாங்கள் சரியாகவே நடந்துகொண்டோம்’ என்று மூன்று பக்கம். இனி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்று அதிலேயே இருக்கிறது. போய் என்ன கிடைக்கும்? களைத்துவிட்டேன். ஒரு வருடம் இருக்கிறதுதானே, கோடை விடுமுறை முடியட்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் களைப்பு எனக்கு விளங்குகிறது. நித்திரை இல்லாதவரிடம் படிவம் நிரப்பச் சொல்வது கொடுமைதான்.

லோக்கல் கவர்ன்மெண்ட் அண்ட் சோஷல் கெயார் ஒம்புட்ஸ்மனிடம் போக ஒரு சதமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். அவர்கள் பக்கத்து வீட்டுச் சத்தம் நியூசன்ஸா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். கவுன்சில் அந்த முடிவுக்கு ஒழுங்கான வழியில் வந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆகவே சத்தம் எவ்வளவு மோசம் என்று பத்துப் பக்கம் எழுதி அனுப்பாதீர்கள். கொப்பியை வாங்கிப் பார்க்காமல் முடிவெடுத்தார்களா, வருவதாகச் சொன்ன நாளில் வந்தார்களா, கேஸ் ரிவியூ என்று ஒன்று இருப்பதை உங்களுக்குச் சொன்னார்களா, மூடியபோது காரணம் எழுதினார்களா? இந்தக் கேள்விகளுக்குத் திகதியோடு பதில் எழுதுங்கள். பிழை கண்டால் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள், திரும்ப விசாரிக்கச் சொல்வார்கள், பட்ட கஷ்டத்துக்குப் பெரும்பாலும் சில நூறு பவுண் தரச் சொல்வார்கள். பணத்துக்காக யாரும் இதைச் செய்வதில்லை. திரும்ப விசாரிக்கச் சொல்கிற அந்த ஒரு வரிதான் எங்களுக்கு வேண்டியது.

அந்த ஒரு வருடத்தை நீங்கள் ஸ்டேஜ் டூ கடிதத்தின் திகதியிலிருந்து எண்ணுகிறீர்கள். அப்படி இல்லை. கவுன்சில் பிழையாக நடந்தது உங்களுக்கு முதலில் தெரியவந்த நாளிலிருந்துதான் 12 மாதம் எண்ணுவார்கள். நீங்கள் அனுப்பிய தாள்களின்படி ‘வர முடியாது’ என்று அவர்கள் முதலில் எழுதியது போன ஓகஸ்ட் 19. இப்போது ஜூலை. கோடை முடியும் வரை பொறுக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிடுங்கள். நிரப்பிய படிவத்தை அதற்கு முன், சனிக்கிழமைக்குள், எனக்கு அனுப்பினால் நான் ஒருமுறை வாசித்துத் தருகிறேன்.